நான்கு நிமிடங்களுக்குள் ஒரு மைல்

1954ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், வியாழக்கிழமை. இலண்டன் மாநகரின் பாடிங்டன் பகுதியில் உள்ள புனித மேரி மருத்துவமனையின் ஆய்வகத்தில் இருபத்தைந்து வயது மருத்துவ மாணவர் ஒருவர் சாணைக்கல்லின் முன் நின்றுகொண்டிருந்தார். அவர் தீட்டிக்கொண்டிருந்தவை அறுவைக் கத்திகள் அல்ல. தம் ஓட்டக் காலணிகளின் அடியில் பொருத்தப்பட்ட ஆணிகள். தீட்டி முடித்ததும் அவற்றின்மேல் கிராஃபைட் தூளைத் தேய்த்தார். அன்று மாலை அவர் ஓடவிருந்த ஆக்ஸ்போர்டு ஓடுதளம் நிலக்கரிச் சாம்பல் துகள்களால் ஆனது. தரை ஈரமாக இருந்தால் துகள்கள் ஆணிகளில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு காலடியிலும் சற்றே எடை கூடும். அந்தச் சிறு எடையையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். ஏனெனில், அதுவரை தாம் ஓடிய ஓட்டங்களுள் சிறந்ததைவிட அவருக்குத் தேவைப்பட்ட முன்னேற்றம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானதே.

ரோஜர் பேனிஸ்டர் என்னும் அந்த மாணவர், அன்று மாலை ஒரு மைல் தொலைவை நான்கு நிமிடங்களுக்குள் ஓடிக் கடந்த முதல் மனிதரானார். அவருடைய ஓட்டம் இன்று பெரும்பாலும் மனவலிமைக்குச் சான்றாகவே மேடைகளில் எடுத்துரைக்கப்படுகிறது. ‘முடியாது என்று உலகமே நம்பியது, ஒருவர் முடித்துக் காட்டினார், அதன்பின் எல்லாரும் முடித்தனர்’ என்று அக்கதை சுருக்கமாகச் சொல்லப்படும். நடந்தது இதைவிடச் சிக்கலானது; இதைவிடச் சுவையானதும்கூட.

ஒரு மைலின் கணக்கு

ஒரு மைல் என்பது ஏறத்தாழ 1609 மீட்டர். 440 கஜம் சுற்றளவுள்ள ஓடுதளத்தில் அது சரியாக நான்கு சுற்று. நான்கு சுற்றுகளுக்கு நான்கு நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம். எண்கள் இவ்வளவு அழகாகப் பொருந்தியதுதான் ‘நான்கு நிமிட மைல்’ என்னும் இலக்குக்கு ஒரு கவர்ச்சியைத் தந்தது. இயற்கையில் அப்படியோர் எல்லைக்கோடு எதுவும் இல்லை. மைலும் நிமிடமும் மனிதன் வகுத்த அளவைகள். மைல் சற்று நீளமாக வகுக்கப்பட்டிருந்தால் இந்தக் கதையே வேறு எண்ணைச் சுற்றி எழுந்திருக்கும்.

இருப்பினும் அந்த வேகம் எளிதன்று. நூறு மீட்டரை 15 நொடியில் ஓடுவது, ஓரளவு பயிற்சியுள்ள பள்ளி மாணவருக்கு எட்டக்கூடியதே. அதே வேகத்தில் இடைவிடாமல் பதினாறு முறை நூறு மீட்டரைக் கடந்தால்தான் நான்கு நிமிட மைல் கைகூடும். பத்தாம் முறையிலேயே கால்கள் கனக்கத் தொடங்கிவிடும்.

கால்கள் கனப்பதற்குக் காரணம் உண்டு. ஓடும்போது தசைகளுக்கு வேண்டிய ஆற்றலை உடல் இரு வழிகளில் பெறுகிறது. நுரையீரல் உள்வாங்கும் ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை முழுமையாகப் பயன்படுத்துவது ஒரு வழி. தேவை அதனினும் மிகும்போது ஆக்சிஜன் இன்றியே ஆற்றலைப் பெறுவது மற்றொரு வழி. இரண்டாம் வழி கடன் வாங்குவதைப் போன்றது. உடனே கைகொடுக்கும், ஆனால் தசைகளில் அமிலத்தன்மையைக் கூட்டி அவற்றை முடக்கும். நூறு மீட்டர் ஓடுபவர் பெரும்பாலும் கடனிலேயே ஓடி முடித்துவிடுகிறார். மாரத்தான் ஓடுபவர் கடனே வாங்காமல் வருவாய்க்குள் செலவிடுகிறார். 800 மீட்டர், 1500 மீட்டர், மைல் ஆகிய நடுத்தொலைவு ஓட்டங்களில் ஓடுபவரோ வருவாய் முழுவதையும் செலவிட்டு, வாங்கக்கூடிய கடனையும் வாங்கி, அந்தக் கடன் முற்றும் இடம் எல்லைக்கோடாகவே இருக்கும்படி திட்டமிட வேண்டும். முன்கூட்டியே முற்றிவிட்டால் கடைசி நூறு மீட்டரில் கால்கள் எழா. மிஞ்சியிருந்தால் அந்த ஓட்டம் வீண். ஆகவே சீரான வேகமே சிக்கனமான வேகம்.

இந்தக் கணக்கைப் பேனிஸ்டர் நூல்களில் மட்டும் படித்தவர் அல்லர். ஆக்ஸ்போர்டில் உடலியங்கியல் ஆய்வு மாணவராக இருந்தபோது, சாய்வாக அமைந்த ஓடுபொறியின்மேல் தம்மையும் நண்பர்களையும் களைத்து விழும்வரை ஓடவைத்து, ஆக்சிஜனின் அளவை மாற்றி மாற்றி அளித்துச் சோதித்தவர். இயல்பான காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடு. 66 விழுக்காடு ஆக்சிஜன் கலந்த காற்றைச் சுவாசித்தவர்களே மிக நீண்ட நேரம் தாக்குப்பிடித்தனர் என்று அவர் கண்டார். அவ்வாய்வு 1954ஆம் ஆண்டிலேயே உடலியங்கியல் ஆய்விதழில் வெளியாயிற்று. மூச்சு, குருதி, தசை ஆகியவற்றை இவ்வளவு நெருங்கி அறிந்த ஒருவருக்கு, நான்கு நிமிடம் என்பது கடக்க முடியாத உடல் எல்லை என்று நம்ப எந்தக் காரணமும் இருக்கவில்லை.

ஓட்டத்துக்கு வந்த வழி

பேனிஸ்டர் 1929ஆம் ஆண்டு மார்ச் 23 அன்று இலண்டனை அடுத்த ஹாரோவில் பிறந்தார். தந்தை அரசு அலுவலர். பெற்றோர் இருவரும் லங்காஷயர் பகுதியின் எளிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். இரண்டாம் உலகப்போர் மூண்டபோது குடும்பம் பாத் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு அவர் பயின்ற பள்ளியில், வயல்வெளிகளூடே நடக்கும் நெடும்பாதை ஓட்டத்தில் தமக்குத் திறமை உண்டு என்பதைக் கண்டுகொண்டார்.

1945ஆம் ஆண்டு கோடையில் தந்தை அவரை இலண்டன் ஒயிட் சிட்டி அரங்குக்கு அழைத்துச் சென்றார். போர் ஓய்ந்த வேளை. அரங்கு நிரம்பி வழிந்தது. ஸ்வீடன் வீரர் ஆர்னே ஆண்டர்சனை எதிர்த்து, மெலிந்த உடலும் மூக்குக்கண்ணாடியும் கொண்ட வழக்குரைஞரான சிட்னி வூடர்சன் ஓடினார். போட்டியில் வூடர்சன் தோற்றார். பார்த்துக்கொண்டிருந்த பதினாறு வயதுச் சிறுவரின் மனத்திலோ நிலைத்துவிட்டார்.

1946இல் மருத்துவம் பயில ஆக்ஸ்போர்டின் எக்சிடர் கல்லூரியில் சேர்ந்தபோது பேனிஸ்டர் ஆணிக் காலணி அணிந்து ஓடியதே இல்லை. சில மாதங்களிலேயே பல்கலைக்கழக அணியில் இடம்பெற்றார். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் அவரை ஓடவைக்க எண்ணம் இருந்தது. தாம் இன்னும் பக்குவப்படவில்லை என்று அவரே மறுத்து, பிரிட்டன் அணியின் மேலாளருக்கு உதவியாளராகப் பணியாற்றினார். தொடக்க விழா அணிவகுப்புக்குப் பிரிட்டன் கொடியைக் கொண்டுவர மறந்துவிட, கடைசி நேரத்தில் ஓடிச்சென்று, பூட்டியிருந்த காரின் கண்ணாடியை உடைத்துக் கொடியை எடுத்துவந்தவர் அவரே. அந்த ஒலிம்பிக்கில் அவர் ஓடிய ஒரே ஓட்டம் அது!

பல்கலைக்கழகத் தடகள மன்றத்தின் தலைவரானதும் அவர் வேறொரு வேலையைக் கையில் எடுத்தார். ஆக்ஸ்போர்டு இஃப்லி சாலையில் இருந்த பழைய ஓடுதளம் மேடும் பள்ளமுமானது; ஒரு மைலுக்கு மூன்று சுற்று என்னும் வழக்கத்துக்கு மாறான அளவுடையது. அதை மாற்றி, 440 கஜச் சுற்றளவுள்ள புதிய தளம் அமைய அவர் முயன்று வெற்றி பெற்றார். சில ஆண்டுகள் கழித்து உலகச் சாதனை நிகழ்ந்தது அந்தத் தளத்திலேயே.

ஒன்பது ஆண்டு இடைவெளி

மைல் ஓட்டத்தின் சாதனை வரலாற்றைப் பார்த்தால் ஒரு புதிர் தென்படும். 1923இல் பின்லாந்தின் பாவோ நுர்மி 4 நிமிடம் 10.4 நொடியில் ஓடினார். 1937இல் வூடர்சன் அதை 4 நிமிடம் 6.4 நொடியாகக் குறைத்தார். பின்னர் ஸ்வீடனின் குண்டர் ஹேக்கும் ஆண்டர்சனும் மாறி மாறிச் சாதனையை முறியடித்துக்கொண்டே வந்தனர். 1945 சூலையில் ஹேக் 4 நிமிடம் 1.4 நொடியில் ஓடினார். அடுத்த ஆண்டே நான்கு நிமிடம் வீழும் என்று எவரும் எதிர்பார்த்திருப்பர். ஆனால் ஒன்பது ஆண்டுகள் அந்தச் சாதனை அசையவே இல்லை.

‘மனத்தடை’ என்று இதற்கு விளக்கம் கூறுவது எளிது. உண்மைக் காரணங்கள் வேறு. ஸ்வீடன் போரில் ஈடுபடாத நாடு. அங்கு ஓட்டப் போட்டிகள் தடையின்றி நடந்தன. பிற நாடுகளில் ஓடவேண்டிய தலைமுறை போர்க்களத்தில் நின்றது. 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை. போர் முடிந்த பின்னரும் பிரிட்டனில் உணவு பங்கீட்டு முறையிலேயே வழங்கப்பட்டது. மறுபுறம், பணம் பெற்றுக்கொண்டு ஓடினார்கள் என்னும் குற்றச்சாட்டின் பேரில் ஹேக், ஆண்டர்சன் இருவரும் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டனர். விளையாட்டுக்கு ஊதியம் பெறுவது அக்காலத்தில் குற்றமாகக் கருதப்பட்டது. இலக்கை நெருங்கியவர்கள் வெளியேற்றப்பட்டனர். தொடரவேண்டியவர்கள் வளர்ந்துவர ஒன்பது ஆண்டுகள் ஆயின.

தோல்வியிலிருந்து ஓர் இலக்கு

பேனிஸ்டரின் உண்மையான இலக்கு முதலில் மைல் சாதனை அன்று. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கின் 1500 மீட்டர் தங்கப் பதக்கமே. அதை வென்றதும் ஓட்டத்தை விட்டுவிட்டு மருத்துவத்துக்கு முழுமையாகத் திரும்புவது என்பது அவர் திட்டம். அவருடைய பயிற்சி பிறர் பயிற்சியைவிடக் குறைவு. தகுதிச் சுற்று ஒன்று, இறுதிச் சுற்று ஒன்று என்னும் கணக்குக்கு ஏற்றது. போட்டி நெருங்கியபோது இடையில் அரையிறுதிச் சுற்றும் சேர்க்கப்பட்டது. மூன்று நாள்களில் மூன்று ஓட்டங்கள். இறுதிப் போட்டியில் லக்சம்பர்க்கின் யோசி பார்த்தெல் எவரும் எதிர்பாராத வகையில் வென்றார். பேனிஸ்டர் பிரிட்டனின் புதிய சாதனை நேரத்தில் ஓடியும் நான்காம் இடமே பெற்றார்.

பயிற்சியாளரை நம்பாமல் தம் விருப்பப்படி பயின்றதால் தோற்றார் என்று பிரிட்டன் செய்தித்தாள்கள் அவரைச் சாடின. ஓட்டத்தை விட்டுவிடுவதா, தொடர்வதா என்று இரண்டு மாதங்கள் அவர் எண்ணிப் பார்த்தார். ஹெல்சிங்கியில் வென்றிருந்தால் அவர் அத்துடன் விலகியிருப்பார். பதக்கம் கைநழுவியதால்தான் நான்கு நிமிட மைல் அவர் வாழ்வில் நுழைந்தது.

அதே டிசம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு செய்தி வந்தது: ஜான் லேண்டி என்னும் இளைஞர் 4 நிமிடம் 2.1 நொடியில் மைலை ஓடிவிட்டார். அமெரிக்காவில் வெஸ் சான்டீயும் அதே இலக்கைக் குறிவைத்திருந்தார். மூன்று கண்டங்களில் மூவர். எவர் முந்துவார் என்பதே கேள்வி.

1953 மே மாதம் பேனிஸ்டர் 4 நிமிடம் 3.6 நொடியில் ஓடி வூடர்சனின் பிரிட்டன் சாதனையைக் கடந்தார். அடுத்த மாதம் மோட்ஸ்பர் பூங்காவில் 4 நிமிடம் 2.0 நொடி. ஆனால் அந்த ஓட்டத்தில் ஒரு சூழ்ச்சி இருந்தது. அவருடைய நண்பர் கிறிஸ் பிராஷர் முதல் சுற்றுகளில் வேண்டுமென்றே மெதுவாக ஓடி, ஒரு சுற்றுப் பின்தங்கி, கடைசிச் சுற்றில் களைப்பின்றிப் பேனிஸ்டருக்கு முன்னால் ஓடி வேகத்தை வகுத்துக் கொடுத்தார். இது நேர்மையான போட்டி ஆகாது என்று பிரிட்டன் தடகள அமைப்பு அந்த நேரத்தைச் சாதனையாக ஏற்க மறுத்தது. அந்த மறுப்பு சரியானதே. அன்று வென்றிருந்தால் அவர் பெயரோடு ஓர் ஐயமும் ஒட்டிக்கொண்டே வந்திருக்கும்.

நண்பகல் இடைவேளை

முழுநேர விளையாட்டு வீரர் என்னும் நிலை அன்று இல்லை. பேனிஸ்டர் மருத்துவமனையில் வகுப்புகளுக்கும் நோயாளிகளைப் பார்க்கவும் செல்ல வேண்டும். நண்பகல் உணவு இடைவேளையில் அருகிலிருந்த பாடிங்டன் விளையாட்டுத் திடலுக்கு விரைவார், அரைமணி நேரத்துக்குச் சற்று மேல் பயிற்சி செய்வார், மீண்டும் மருத்துவமனை. அவர் காலத்தின் வேறு சில ஓட்டக்காரர்கள் நாள்தோறும் பல மணி நேரம் பயின்றார்கள். அவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே எதைப் பயில்வது என்பதில் மிகக் கவனமாக இருந்தார்.

ஆஸ்திரியாவிலிருந்து வந்து குடியேறிய பயிற்சியாளர் ஃபிரான்ஸ் ஸ்டாம்ஃபிலின் அறிவுரையை ஏற்று, பிராஷர், கிறிஸ் சாட்டவே ஆகிய இரு நண்பர்களோடு அவர் வாரந்தோறும் பயின்றார். 440 கஜத்தைப் பத்து முறை ஓடுவது, ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு நிமிட ஓய்வு: இதுவே பயிற்சியின் முதுகெலும்பு. 1953 டிசம்பரில் ஒவ்வொரு சுற்றுக்கும் சராசரி 66 நொடி. ஏப்ரலில் 61. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. எவ்வளவு முயன்றும் அந்த ஒரு நொடி அசையவில்லை.

அப்போது அவர்கள் செய்தது வியப்பானது. பேனிஸ்டரும் பிராஷரும் பயிற்சியையே நிறுத்திவிட்டு, ஸ்காட்லாந்து மலைகளுக்குச் சென்று சில நாள்கள் பாறை ஏறினர். கால் இடறினால் ஓட்டப்பருவமே முடிந்திருக்கும். திரும்பி வந்து ஓடியபோது நேரம் 59 நொடியாக இறங்கியிருந்தது. களைத்த தசைகளுக்கு வேண்டியிருந்தது மேலும் பயிற்சி அன்று, மாற்றமும் ஓய்வும்தான் என்பதை அந்த நாள்கள் காட்டின.

மே 6

அன்று ஆக்ஸ்போர்டில் பல்கலைக்கழக அணிக்கும் தேசியத் தடகளச் சங்க அணிக்கும் இடையே ஆண்டுதோறும் நடைபெறும் போட்டி. காலையில் மருத்துவமனைப் பணி முடித்துப் பேனிஸ்டர் பாடிங்டன் நிலையத்தில் இரயில் ஏறினார். தற்செயலாக அதே பெட்டியில் ஸ்டாம்ஃபிலும் இருந்தார். வெளியே காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. எதிர்க்காற்றில் ஓடினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ ஒரு நொடி வீணாகும். அப்படியானால் நான்கு நிமிட வேகத்துக்கு, காற்றில்லா நாளில் 3 நிமிடம் 56 நொடியில் ஓடும் ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் உம்மிடம் உண்டு, இந்த வாய்ப்பை விட்டால் வேறொன்று வராமலும் போகலாம் என்று ஸ்டாம்ஃபில் அவரிடம் கூறினார். லேண்டி அப்போது பின்லாந்துக்குச் சென்றிருந்தார். எந்த நாளிலும் செய்தி வரக்கூடும்.

மாலை வரையிலும் பேனிஸ்டர் முடிவெடுக்கவில்லை. ஓடுதளத்துக்கு அருகிலிருந்த தேவாலயக் கோபுரத்தில் பறந்த கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டம் தொடங்கும் முன் அந்தக் கொடி சற்றே தளர்ந்தது. முயன்று பார்ப்போம் என்று நண்பர்களிடம் சொன்னார்.

மாலை ஆறு மணிக்கு ஆறு பேர் தொடக்கக் கோட்டில் நின்றனர். பிராஷர் துப்பாக்கி ஒலிக்கும் முன்பே பாய்ந்துவிட, தொடக்கம் மறுபடியும் நடந்தது. காற்று அடங்கியிருந்த அந்தச் சில நொடிகளும் வீணாகின்றனவே என்று பேனிஸ்டருக்குச் சினம் எழுந்தது. மீண்டும் துப்பாக்கி ஒலித்தது. பிராஷர் முன்னால் ஓட, பேனிஸ்டர் அவருக்குப் பின்னால். நாள்கணக்கில் ஓய்வெடுத்திருந்த கால்களுக்கு அந்த வேகம் மெதுவாகத் தோன்றியது; ‘இன்னும் வேகமாக’ என்று பிராஷரை நோக்கிக் கத்தினார். பிராஷர் பொருட்படுத்தவில்லை. முதல் சுற்று 57.5 நொடியில் முடிந்தது. போதிய வேகம், போதியதைவிடக் கூடுதலே. பிராஷர் அன்று பதறியிருந்தால் கடன் முன்கூட்டியே முற்றியிருக்கும். அன்றைய ஓட்டத்தின் மிகச் சிறந்த முடிவை எடுத்தவர் அவர் என்றே சொல்லலாம்.

இரண்டாம் சுற்று முடிந்தபோது 1 நிமிடம் 58 நொடி. பிராஷர் களைத்ததும் சாட்டவே முன்னால் வந்தார். மூன்றாம் சுற்று எப்போதுமே கொடியது. தொடக்கத்தின் உற்சாகம் தீர்ந்திருக்கும், முடிவு கண்ணுக்குத் தெரிந்திராது. அச்சுற்றின் முடிவில் நேரம் மூன்று நிமிடத்தை ஒரு நொடிக்கும் குறைவாகத் தாண்டியிருந்தது. கடைசிச் சுற்றை ஏறத்தாழ 59 நொடியில் ஓட வேண்டும். எல்லைக்கோட்டுக்கு இருநூற்றுச் சொச்சம் கஜத் தொலைவு இருக்கையில் பேனிஸ்டர் சாட்டவேயைக் கடந்தார். அதன்பின் அவருக்கு முன்னால் எவருமில்லை. நாடாவைத் தொட்டதும் சரிந்தார், பிறர் தாங்கிக்கொண்டனர். சில நொடிகள் அவருக்குக் கண் தெரியவில்லை, நிறங்கள் மங்கிப்போயின.

ஒலிபெருக்கியில் முடிவை அறிவித்தவர் நோரிஸ் மெக்விர்ட்டர். ஆக்ஸ்போர்டு ஓடுபொறிச் சோதனையில் பங்கேற்ற அதே நண்பர். இத்தளத்தின் புதிய சாதனை, பிரிட்டன் சாதனை, ஐரோப்பியச் சாதனை, உலகச் சாதனை என்று ஒவ்வொன்றாக நிதானமாக அடுக்கிக்கொண்டே சென்று, நேரம் மூன்று நிமிடம் என்று தொடங்கினார். மீதியைக் கூட்டத்தின் ஆரவாரம் விழுங்கிவிட்டது. 3 நிமிடம் 59.4 நொடி.

பிறகு நடந்தவை

சாதனை நீடித்தது 46 நாள்களே. சூன் 21 அன்று பின்லாந்தின் தூர்க்கு நகரில் லேண்டி அதை ஒரு நொடிக்கும் மேலாகக் குறைத்தார். அந்த ஓட்டத்தில் அவரைப் பின்னாலிருந்து விரட்டியவர் பேனிஸ்டரின் நண்பர் சாட்டவே!

அதே ஆண்டு ஆகஸ்டு 7 அன்று கனடாவின் வான்கூவரில் நடைபெற்ற பிரிட்டன் பேரரசு மற்றும் காமன்வெல்த் விளையாட்டில், உலகில் நான்கு நிமிடத்தைக் கடந்த இருவரும் நேருக்கு நேர் சந்தித்தனர். லேண்டி தொடக்கத்திலிருந்தே முன்னால் ஓடினார். பேனிஸ்டர் பல கஜம் பின்தங்கி, சிறுகச் சிறுக இடைவெளியைக் குறைத்து வந்தார். இறுதி வளைவில், எதிராளி எங்கே என்று அறிய லேண்டி இடத்தோளின் வழியே திரும்பிப் பார்த்தார். அந்தக் கணத்தில் பேனிஸ்டர் அவருடைய வலப்பக்கமாகப் பாய்ந்து கடந்தார். 3 நிமிடம் 58.8 நொடியில் பேனிஸ்டர். 3 நிமிடம் 59.6 நொடியில் லேண்டி. அந்தத் திரும்பிய தலை இன்றும் வான்கூவரில் வெண்கலச் சிலையாக நிற்கிறது. கடிகாரத்தை வென்றது ஆக்ஸ்போர்டில். தம்மையொத்த ஒருவரை வென்றது வான்கூவரில். இரண்டாவதே அரியது என்று கருதுவோர் பலர்.

அடுத்த ஆண்டு மே 28 அன்று இலண்டனில் ஒரே ஓட்டத்தில் லாஸ்லோ தாபோரி, சாட்டவே, பிரையன் ஹூசன் ஆகிய மூவர் நான்கு நிமிடத்துக்குள் ஓடினர். ஒருவர் வழிகாட்டியதும் பல பேர் அலையலையாய் வந்தனர் என்னும் மேடைப்பேச்சுக்கும் இந்தக் கணக்குக்கும் இடையே தொலைவு மிகுதி. முதல் ஓராண்டில் வந்தவர் லேண்டி ஒருவரே.

இக்கதையில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் பெயர் ஒன்று உண்டு. பேனிஸ்டர் ஓடிய 23ஆம் நாளில், மே 29 அன்று, பர்மிங்காமில் டயான் லெதர் என்னும் வேதியியலாளர் 4 நிமிடம் 59.6 நொடியில் மைலை ஓடினார். ஐந்து நிமிடத்துக்குள் மைலைக் கடந்த முதல் பெண் அவரே. ஆனால் பெண்கள் ஓடும் மைலை அன்றைய உலகத் தடகள அமைப்பு சாதனையாகப் பதிவு செய்யவே இல்லை. 1967இல்தான் அது தொடங்கியது. 1928க்குப் பின் 1960வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 200 மீட்டருக்கு மேல் ஓட்டமே கிடையாது. அவர்கள் உடல் தாங்காது என்று காரணம் கூறப்பட்டது. நான்கு நிமிடத் தடை எண்களாலும் காற்றாலும் ஆனது. இந்தத் தடையோ விதிப்புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தது. 2023இல் கென்யாவின் ஃபெய்த் கிப்யேகோன் ஒரு மைலை 4 நிமிடம் 7.64 நொடியில் ஓடினார். நுர்மியின் 1923ஆம் ஆண்டு உலகச் சாதனையைவிட அது விரைவானது.

மருத்துவர் பேனிஸ்டர்

1954 ஆகஸ்டு இறுதியில் பெர்ன் நகரில் ஐரோப்பிய 1500 மீட்டர் பட்டத்தை வென்ற பேனிஸ்டர், அந்த ஆண்டோடு ஓட்டத்திலிருந்து விலகினார். வயது 25, ஒரு நடுத்தொலைவு ஓட்டக்காரரின் சிறந்த ஆண்டுகள் இன்னும் அவருக்கு முன்னால் இருந்தன. மருத்துவமும் ஓட்டமும் ஒருசேரக் கைகூடா என்று அவர் கண்டார். அவருடைய நண்பர்கள் இருவரும் தொடர்ந்து ஓடினர்: சாட்டவே அந்த ஆண்டே 5000 மீட்டரில் உலகச் சாதனை படைத்தார், பிராஷர் 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் தடைதாண்டும் 3000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார், பிற்காலத்தில் இலண்டன் மாரத்தானைத் தொடங்கிய இருவருள் ஒருவரும் ஆனார்.

பேனிஸ்டர் நரம்பியல் மருத்துவரானார். இதயத்துடிப்பு, குருதி அழுத்தம், வியர்வை முதலிய, நம் விருப்பத்தைக் கேளாமல் தாமே நடப்பவற்றை ஆளும் தன்னியக்க நரம்பு மண்டலமே அவர் ஆய்வுக்களம். எழுந்து நின்றதும் குருதி அழுத்தம் சரிந்து மயங்கி விழும் நோயாளிகளை அவர் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். அம்மண்டலத்தின் செயலிழப்பு குறித்து அவர் பதிப்பித்த நூல் அத்துறையில் முதன்மையானதாக விளங்கியது. ஓட்டத்தில் பெற்ற புகழைவிட இப்பணியையே அவர் உயர்வாகக் கருதினார். கேட்டவர்களிடமெல்லாம் அதைச் சொல்லவும் செய்தார். கேட்டவர்கள் பெரும்பாலும் மே 6 பற்றியே அடுத்த கேள்வியைக் கேட்டனர்.

1971முதல் 1974வரை பிரிட்டன் விளையாட்டு மன்றத்தின் தலைவராக இருந்தபோது, தசை வளர்க்கும் ஊக்கமருந்துகளைக் கண்டறியும் சோதனை உருவாக அவர் துணைநின்றார். 1975இல் ‘சர்’ பட்டம் பெற்றார். அதே ஆண்டில் நேர்ந்த கார் விபத்தில் கணுக்கால் முறிந்தது. அதன்பின் அவரால் ஓட இயலவில்லை. 1985முதல் 1993வரை ஆக்ஸ்போர்டின் பெம்புரோக் கல்லூரியின் தலைவராக விளங்கினார்.

முதுமையில் அவரைப் பற்றியது பார்க்கின்சன் நோய். நரம்புகளின் ஒழுங்கு சிதைவதை வாழ்நாளெல்லாம் பிறரிடம் ஆராய்ந்தவர், அதைத் தம் நடையிலேயே கண்டார். 2012இல் இலண்டன் ஒலிம்பிக் சுடர் ஆக்ஸ்போர்டு வந்தபோது இஃப்லி சாலை ஓடுதளத்தில் அதை ஏந்திச் சென்றார். 2018 மார்ச் 3 அன்று தம் 88ஆம் வயதில் ஆக்ஸ்போர்டில் காலமானார். 2021இல் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அவருக்கு நினைவுக்கல் பதிக்கப்பட்டது. நியூட்டன், டார்வின், ஹாக்கிங் ஆகியோர் துயிலும் அறிவியலாளர் மூலையில் அக்கல் இருக்கிறது.